கைக்காசுக்கு என்ன விலை?

கரடிப்போக்குச் சந்தியிலே ஏ-9 வீதியை விட்டிறங்கி உருத்திரபுரம் நோக்கிச் செல்வோர் ஒரு காட்சியைத் தவறாது கண்டிருப்பர். மின்கம்பங்களிலும் மதில்களிலும் மூடிக்கிடக்கும் கடைகளின் கதவுகளிலும் வண்ணப் பதாகைகள் தொங்குகின்றன. மோட்டார் சைக்கிள், நீரிறைக்கும் இயந்திரம், இரு சில்லு உழவு இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி என்று பொருள்கள் வேறுபட்டாலும் வாசகம் ஏறக்குறைய ஒன்றேதான்: "50,000 ரூபா வரை விலைக்கழிவு." காலபோக நெல் வீடு வந்து சேரும் மாசி, பங்குனி மாதங்களில் இப்பதாகைகள் பெருகுவதும், விதைப்புக்குக் காசு தேடி மக்கள் அலையும் ஐப்பசியில் அவை குறைந்துவிடுவதும் தற்செயலானவையல்ல. எமது கைகளில் எப்போது காசு புழங்கும் என்பதை எம்மைவிட நன்கறிந்தவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள்.

வியாபாரி விலையைக் குறைத்து விற்பதில் எவருக்கும் மறுப்பு இருக்க முடியாது. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கிளிநொச்சிப் புடவைக் கடைகளில் நடைபெறும் மலிவு விற்பனையில் பழைய இருப்பைத் தள்ளிவிடும் கடைக்காரரும் பயனடைகிறார். பிள்ளைக்கொரு சட்டை வாங்கும் தாயும் பயனடைகிறார். காசைக் கொடுக்கும் இடத்திலேயே விலை குறைகிறது. கணக்கும் அங்கேயே முடிந்துவிடுகிறது. நான் இங்கு எழுத முற்படுவது வேறொரு வகைக் கழிவைப் பற்றியது. இப்போது முழு விலைக்கும் கையொப்பமிடு, கழிவு பின்னர் வரும் என்று சொல்லும் கழிவு. எந்த விலையிலிருந்து கழிக்கப்பட்டது என்பது எவருக்கும் தெரியாத கழிவு. கடன் எடுத்தால் மாத்திரமே கிடைக்கும் கழிவு. இவையெல்லாம் பெரும்பாலும் ஒரே துண்டுப்பிரசுரத்தில் ஒன்றாகக் கலந்திருப்பதால் பிரித்தறிவது எளிதன்று.

பத்தாம் வாய்க்கால் பகுதியைச் சேர்ந்த கமக்காரர் ஒருவர், தமது பெயரையோ கடையின் பெயரையோ எழுத வேண்டாமென்ற வேண்டுகோளுடன், ஒரு கோவையை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மகனுக்காகத் தவணைமுறையில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருக்கிறார். வாங்கும்போது 20,000 ரூபா கழிவு உண்டென்று சொல்லப்பட்டது. துண்டுப்பிரசுரத்திலும் அவ்வாறே பெரிய எழுத்தில் இருக்கிறது. அதைத் திருப்பிப் பார்த்தால், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில், ஆங்கிலத்தில் மாத்திரம் நிபந்தனைகள். கழிவு உடனே கிடைக்காது. முதல் ஆறு தவணைகளையும் உரிய நாளிலோ அதற்கு முன்னரோ செலுத்தியிருக்க வேண்டும். ஆறாவது தவணை கட்டி 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்துடன் மூலப் பற்றுச்சீட்டை இணைத்துக் கொழும்புத் தலைமை அலுவலகத்திற்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்.

மூலப் பற்றுச்சீட்டு அவரிடம் இல்லை. கடன் கொடுத்த நிறுவனம் முதல் நாளே அதை வாங்கித் தன் கோவையில் வைத்துக்கொண்டு, நிழற்படப் பிரதியொன்றை அவரிடம் கொடுத்திருந்தது. அது போதாதென்று, நான்காவது தவணைக்குரிய நாள் போயா விடுமுறையாக அமைந்துவிட்டது. அலுவலகம் பூட்டியிருந்தது. மறுநாள் காலையில் சென்று கட்டியிருக்கிறார். அதற்கான சீட்டும் கோவையில் இருக்கிறது. மூன்றே வரிகளில் பதில் வந்தது: நிபந்தனைகள் பூர்த்தி செய்யப்படாமையால் விண்ணப்பத்தை ஏற்க இயலாது.

இதிலே பொய் எங்கே இருக்கிறது என்று சட்டத்தரணி ஒருவர் கேட்டால் விரல் வைத்துக் காட்டுவது கடினம். கழிவு உண்டு என்றார்கள், உண்டுதான். நிபந்தனை உண்டு என்றார்கள். அதுவும் அச்சில் இருக்கிறது. ஒவ்வொரு வரியும் தனித்தனியே உண்மை. ஆனால் அந்தக் கழிவைக் கொடுக்கும் எண்ணத்துடன் இத்தனை நிபந்தனைகளை எவராவது எழுதியிருப்பாரா என்பதே என் கேள்வி. கொடுக்க நினைப்பவர் கடையிலேயே கொடுத்துவிடலாமே!

இது வன்னிக்கு மாத்திரம் உரிய துன்பமென்று எண்ண வேண்டியதில்லை. கனடாவில் வாழும் என் உறவினர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் வீட்டுப் பின்முற்றத்தில் வைப்பதற்கென்று வெந்நீர்த் தொட்டி ஒன்றை வாங்கினார். பனிக்காலத்தில் திறந்தவெளியில் சுடுநீருக்குள் அமர்ந்திருப்பது அங்கே ஒரு சுகம். (சித்திரை வெயிலில் உருத்திரபுரத்து வயல் வரம்பில் நிற்பவர்களுக்கு அந்தச் சுகத்தை இலவசமாகவே வழங்கலாம் என்று அவரிடம் சொன்னேன்.) அந்தத் தொட்டிக்கும் ஆயிரம் டொலர் மீளளிப்பு அறிவிக்கப்பட்டிருந்தது. முழு விலையையும் கொடுத்து வாங்கி, பின்னர் படிவம் நிரப்பி அனுப்பினால் காசோலை வரும். படிவத்துடன் பொதியுறையில் ஒட்டியிருக்கும் தொடரிலக்கத் துண்டை வெட்டி அனுப்ப வேண்டும். தொட்டியைக் கொண்டுவந்து பொருத்தியவர்கள், வாடிக்கையாளருக்கு உதவி செய்வதாகச் சொல்லிப் பொதியுறை முழுவதையும் தங்கள் வண்டியிலேயே ஏற்றிச் சென்றுவிட்டார்கள். மூலப் பற்றுச்சீட்டைப் பறிகொடுத்த பத்தாம் வாய்க்கால் கமக்காரரும், பொதியுறையைப் பறிகொடுத்த என் உறவினரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். இருவரும் அகப்பட்ட பொறி ஒன்றுதான்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் எளிமையானது. அறிவிக்கப்பட்ட கழிவைப் பார்த்து நூறு பேர் வாங்குவர். அவர்களுள் ஒரு பகுதியினர் படிவத்தை மறந்துவிடுவர். வேறு சிலர் நாளைத் தவறவிடுவர். இன்னும் சிலர் கடதாசியொன்றைத் தொலைத்துவிடுவர். கழிவு நூறு பேரையும் கடைக்குள் அழைத்து வருகிறது. செலவோ மிஞ்சியவர்களுக்கு மாத்திரம். அமெரிக்காவில் இது பெரும் முறைப்பாடாகி, 2005ஆம் ஆண்டில் கொம்ப்யுஎஸ்ஏ என்ற கணினி விற்பனை நிறுவனத்தின்மீது அந்நாட்டுச் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது. தபாலில் அனுப்புவதாக விளம்பரப்படுத்தப்பட்ட மீளளிப்புகள் வாடிக்கையாளருக்கு உரிய காலத்தில் சென்றடையவில்லை, பலருக்குச் சென்றடையவேயில்லை என்பதே குற்றச்சாட்டு. 2007இல் இன்போனிக் என்ற கைத்தொலைபேசி விற்பனை நிறுவனமும் இதேபோன்ற நடவடிக்கைக்கு உள்ளானது. ஆனால் அங்கே நட்டமடைந்தவர் ஒரு கணினியின் விலையில் ஒரு பகுதியைத்தான் இழந்தார். இங்கே கழிவின் பின்னால் கடன் வருகிறது. வேறுபாடு அதுதான், அது சிறிய வேறுபாடன்று.

ஒரு கணக்கைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காக நான் எடுத்துக்கொண்டவை. முறை மாத்திரம் சந்தையில் உள்ளது. பொருளொன்றின் விலை 220,000 ரூபா என்று பிரசுரத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. 20,000 ரூபா கழிவு போக 200,000 ரூபா. அதே பொருளை அடுத்த வீதியிலுள்ள கடையில் கைக்காசு கொடுத்து வாங்கினால் 190,000 ரூபா. ஆகவே 220,000 என்ற அந்த விலையை எவரும் எக்காலத்திலும் கொடுத்ததில்லை. கழிப்பதற்காகவே கூட்டப்பட்ட விலை அது. இருக்கட்டும். 50,000 ரூபா முற்பணம் கட்டி, மீதி 150,000 ரூபாவை மூன்று ஆண்டுகளில் கட்டுவதென்று உடன்பாடு. வட்டி "நூற்றுக்குப் பதினாறுதான்" என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. ஆண்டுக்கு 24,000 ரூபா, மூன்று ஆண்டுக்கு 72,000 ரூபா. மொத்தம் 222,000 ரூபாவை 36ஆல் பிரித்தால் மாதமொன்றுக்கு 6,167 ரூபா. முற்பணத்தையும் சேர்த்தால் அந்தப் பொருளுக்கு அவர் கொடுப்பது 272,000 ரூபா. கைக்காசு விலையிலும் 82,000 ரூபா அதிகம். 20,000 ரூபா கழிவைப் பெற்றுக்கொண்ட மகிழ்ச்சியில் அவர் வீடு திரும்புகிறார்.

அந்தப் பதினாறும் பதினாறன்று. ஒவ்வொரு மாதமும் கடனின் ஒரு பகுதியை அவர் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறார். ஆனாலும் வட்டி முழு 150,000 ரூபாவுக்கும் கடைசி மாதம் வரை கணிக்கப்படுகிறது. உண்மையில் கையில் மீந்திருக்கும் கடனுக்கு மாத்திரம் வட்டி கணித்துப் பார்த்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 27.5 வருகிறது. வங்கிக்காரரும் கணக்காளரும் இதை நன்கறிவர். எமது பாடசாலைகளில் க.பொ.த. சாதாரண தரக் கணித பாடத்திலே வட்டிக் கணக்குகள் கற்பிக்கப்படுகின்றன. பிள்ளைகள் அவற்றைச் செய்து புள்ளியும் பெறுகிறார்கள். ஆனால் தகப்பன் கையொப்பமிடும் மேசையில் அந்தப் பிள்ளையை எவரும் இருத்துவதில்லை.

கழிவு என்ற சொல் இந்தக் கதையில் இன்னொரு தடவையும் வருகிறது. "இடையில் காசு வந்தால் முழுவதையும் கட்டி முடித்துவிடலாம், மீதி வட்டியைக் கழித்துத் தருவோம்" என்கிறார்கள். அறுவடைக் காசையோ வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பும் காசையோ நம்பியிருக்கும் குடும்பத்திற்கு இதைவிட இனிப்பான வாக்குறுதி கிடையாது. மேற்சொன்ன உதாரணத்தில் சரிபாதிக் காலமான 18 மாதங்கள் முடிந்ததும் அவர் காசுடன் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 72,000 ரூபா வட்டியில் பாதி, அதாவது 36,000 ரூபா கழியும் என்பதே அவருடைய எதிர்பார்ப்பு. "பதினாறு வீதம்" என்று அவருக்குச் சொல்லப்பட்ட கணக்கின்படி அது நியாயமான எதிர்பார்ப்பும்கூட.

ஆனால் தவணைக் கடன் உலகில் நெடுங்காலம் வழங்கிவந்த "எழுபத்தெட்டு விதி" என்றொன்று உண்டு. ஒன்று முதல் பன்னிரண்டு வரை கூட்டினால் 78 வருவதனால் அந்தப் பெயர். முதல் மாதத்திற்கு அதிகப் பங்கு, கடைசி மாதத்திற்கு மிகக் குறைந்த பங்கு என்று வட்டியைப் பகிர்வது அதன் முறை. 36 மாதக் கடனாயின் ஒன்று முதல் 36 வரையான கூட்டுத்தொகை 666. கடைசி 18 மாதங்களுக்கு உரிய பங்கு அதில் 171 மாத்திரமே. எனவே 72,000 ரூபாவில் கழியப்போவது 18,486 ரூபா. எதிர்பார்த்ததில் ஏறக்குறைய பாதி! குறைந்துசெல்லும் மீதிக்கு ஏற்ப ஒழுங்காகக் கணித்தாலும் சுமார் 20,900 ரூபாதான் வரும் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லியாக வேண்டும். வட்டியின் பெரும்பகுதி முதற்பாதியிலேயே அறவிடப்பட்டுவிடுகிறது. எழுபத்தெட்டு விதி அதற்கு மேலும் இரண்டாயிரத்து நானூறு ரூபாவை எடுத்துக்கொள்கிறது. 61 மாதங்களுக்கு மேற்பட்ட கடன்களில் இவ்விதியைக் கையாள்வதை அமெரிக்கா 1992இல் சட்டத்தினால் தடுத்தது. பிரித்தானியா 2005இல் நுகர்வோர் கடன்களில் இதைக் கைவிட்டு வேறு முறைக்கு மாறியது. முன்கூட்டியே கட்டி முடித்தால் எந்த விதியின்படி கழிப்பீர்கள் என்று எங்களுள் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கேட்டால், கடையில் இருப்பவருக்கே அது தெரியாதிருக்கவும் கூடும்.

"வன்னி மக்கள் விழிப்பானவர்களாயிற்றே, எப்படி இதற்குள் விழுந்தார்கள்?" என்று கொழும்பிலுள்ள நண்பர் ஒருவர் வினவினார். அவருக்கு நான் சொன்ன பதிலையே இங்கும் தருகிறேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் இப்பகுதியில் மின்கலம், எரிபொருள், சீமெந்து, யூரியா எல்லாமே அரும்பொருள்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓடவைத்தோம். போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். பொருள் இருக்கிறதா என்பதே அன்று கேள்வி. விலையைப் பற்றிப் பேச்சில்லை. 2002 ஏப்ரலில் ஏ-9 திறக்கப்பட்டது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. பின்னர் போர். உழவு இயந்திரங்களையும் மோட்டார் சைக்கிள்களையும் முள்ளிவாய்க்கால் வரை கொண்டுசென்று அங்கேயே கைவிட்டுவிட்டு, உடுத்த உடையுடன் முகாம்களுக்குச் சென்றவர்கள் இம்மக்கள்.

மீளக்குடியேறியபோது அவர்களுக்கு எல்லாமே ஒரே நேரத்தில் தேவைப்பட்டன. கலப்பை, பம்பி, சைக்கிள், சட்டி பானை, கூரை. நகையும் கிடையாது, சேமிப்பும் கிடையாது. அதே வேளையில் கிளிநொச்சி நகரின் பிரதான வீதியில் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் வரிசையாகக் கிளை திறந்தன. "முற்பணம் வேண்டாம், கையொப்பம் போதும்" என்று அவர்கள் சொன்னபோது அதை மறுக்கும் நிலையில் யார் இருந்தார்? விலையை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் பல கடைகள் இருக்கும் ஊரில் வளர்வது. இருபது ஆண்டுகள் பொருளே இல்லாதிருந்த ஊரில் அது ஒரே நாளில் வந்துவிடாது. இதை அறியாமை என்று பெயரிட்டு அழைப்பவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை.

அதைவிட முக்கியமான ஒரு முரண்பாடு உண்டு. தவணை மாதந்தோறும் வருகிறது. எமது கமக்காரருக்கு வருமானம் ஆண்டுக்கு இரண்டு தடவை வருகிறது. இரணைமடுவில் நீர் போதாத ஆண்டில் சிறுபோகம் சில ஏக்கர்களுக்குச் சுருங்கிவிடும். அவ்வாண்டில் ஒரே தடவைதான். "ஆறு தவணைகளையும் உரிய நாளில் கட்டினால் கழிவு" என்ற நிபந்தனை கொழும்பில் மாதச் சம்பளம் பெறும் ஒருவருக்குப் பொருந்தலாம். காலபோகத்தை நம்பி வாழ்பவருக்கு அது வாசலிலேயே சாத்தப்பட்ட கதவு. 2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் இரணைமடு நிரம்பி வழிந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது வயல்களும் மூழ்கின. தவணை நாள் மூழ்கவில்லை.

அவ்வாறான மாதங்களில் தவணையைக் கட்டுவதற்காக வீட்டுப் பெண்கள் நுண்கடன் குழுக்களை நாடினார்கள். மோட்டார் சைக்கிளுக்கான கடனை அடைக்க இன்னொரு கடன். அதை அடைக்கக் கிழமைத் தவணையில் மற்றொன்று. நிலைமை முற்றிப்போய், 2018இல் அரசாங்கமே வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற 100,000 ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்கவும், நுண்கடன் வட்டிக்கு நூற்றுக்கு 35 என்ற உச்சவரம்பை நிர்ணயிக்கவும் நேர்ந்தது. முப்பத்தைந்து வீதம் ஒரு நிவாரணமாகத் தோன்றியதென்றால் அதற்கு முன் என்ன நடந்தது என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்தக் கடன்களின் தொடக்கத்தைத் தேடிப் பின்னோக்கிச் சென்றால், சில வீடுகளில் ஒரு விலைக்கழிவுப் பிரசுரத்தில் போய் முடியும்.

சட்டம் இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரி ஒருவர் பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையில் ஈடுபடுவதைத் தடை செய்கிறது. 1977 என்ற இலக்கத்திற்குத் தொலைபேசியில் அழைத்து முறையிடலாம். ஆனால் அச்சட்டத்தின்படி பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூல முறைப்பாடு அளிக்கப்பட வேண்டும். பத்தாம் வாய்க்கால்காரரின் கழிவோ ஆறாவது தவணைக்குப் பின்னரே வரவேண்டியது. கழிவு மறுக்கப்படும் நாளில் முறையிடுவதற்கான காலம் கடந்து மூன்று மாதமாகியிருக்கும்! இதைத் திட்டமிட்டுத்தான் ஆறு என்று வைத்தார்களா என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் சட்டத்தைத் திருத்துவோர் கவனிக்க வேண்டிய முதல் இடம் அதுதான். பின்னர் தருவதாகச் சொல்லப்படும் கழிவுக்கு, தர மறுத்த நாளிலிருந்து காலம் கணிக்கப்பட வேண்டும்.

1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டத்தைப் பலர் மறந்தேபோய்விட்டனர். வாடகைக் கொள்வனவு உடன்படிக்கையில் பொருளின் கைக்காசு விலையும் தவணை விலையும் குறிக்கப்பட வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே சட்டம் இயற்றியவர்கள் நோயின் மூலத்தைக் கண்டிருக்கிறார்கள்: கைக்காசு விலை தெரிந்தால் மற்ற எல்லாம் தெரிந்துவிடும். எல்லோரும் லீசிங் என்றழைக்கும் நிதிக் குத்தகையோ 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது. அங்கே பொருள் கம்பனிக்குச் சொந்தம், நாம் குத்தகைக்காரர். இந்த வேறுபாட்டைக் கடையில் எவரும் விளக்குவதில்லை. மத்திய வங்கி 2023இல் வெளியிட்ட நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள், வட்டியையும் கட்டணங்களையும் ஒப்பந்தத்திற்கு முன்னரே தெளிவாக வெளிப்படுத்துமாறு நிதி நிறுவனங்களைப் பணிக்கின்றன; அது தொடர்பான முறைப்பாட்டுக்கு 1935 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. தமிழில் பேசும் ஒருவருக்கு ஆங்கிலத்தில் மாத்திரம் எழுதிக் கொடுப்பதை வெளிப்படுத்தல் என்று எப்படி அழைப்பது என்பதை அந்த இலக்கத்திற்கு அழைத்துக் கேட்க வேண்டும்.

பத்திரிகைகளுக்கும் இதில் பங்குண்டு. நீண்டகாலம் அத்தொழிலில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். செய்தி எழுத்து ஒன்பது, பத்துப் புள்ளியில் அச்சாகிறது. விளம்பரத்தில் "கழிவு" என்ற சொல் எழுபத்திரண்டு புள்ளியில் நிற்கும். அதன் தோளில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அந்த நட்சத்திரத்தைத் தேடிப் பக்கத்தின் அடிக்குச் சென்றால் "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்பது ஐந்து புள்ளியில் கிடக்கும். நிபந்தனை எது என்று அங்கும் இராது. "வரை" என்ற சொல் இன்னும் கெட்டிக்காரச் சொல். ஐம்பதாயிரம் வரை என்றால் ஐந்நூறும் அதற்குள் அடங்கும். ஆசிரிய பீடங்களில் ஒரு ஒற்றெழுத்து விடுபட்டதற்காக மணிக்கணக்கில் விவாதித்தவர்களை நான் அறிவேன். அதே பத்திரிகையின் விளம்பரப் பக்கத்தில் இந்த "வரை"யை எவரும் தொட்டதில்லை. விளம்பரத்திற்கு விளம்பரதாரரே பொறுப்பு என்ற வரி போதுமென்று நினைக்கிறோம். விலைக்கழிவு விளம்பரமாயின் நிபந்தனை செய்தி எழுத்தின் அளவில் தமிழில் இருக்க வேண்டும் என்று ஒரு பத்திரிகையாவது விதி வைத்தால், வருமானம் சிறிது குறையக்கூடும், பத்திரிகை மூடப்படாது.

மறுபக்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும். கழிவே வேண்டாம், எந்நாளும் ஒரே நேர்மையான விலை என்று அறிவித்தால் மக்கள் வரவேற்பார்களா? அமெரிக்காவின் ஜேசி பெனி என்ற பழம்பெரும் கடைத்தொகுதி 2012இல் அதைச் செய்து பார்த்தது. போலியாக உயர்த்திய விலையையும் போலியான கழிவையும் ஒருசேர நீக்கியது. அவ்வாண்டு விற்பனை நூற்றுக்கு 25 வீழ்ந்தது; மறு ஆண்டு ஏப்ரலில் தலைமை நிறைவேற்று அதிகாரி பதவியிழந்தார். கழிவு கிடைத்தது என்ற உணர்வுக்காகவே மனிதர்கள் கடைக்குச் செல்கிறார்கள் போலும். எங்கள் கல்யாண வீடுகளில் புடவை விலையைச் சொல்லும்போது, "எவ்வளவு குறைத்து எடுத்தேன் தெரியுமா?" என்றுதானே தொடங்குகிறோம்! ஆகவே கழிவையே ஒழித்துவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. கடையில் காசு மாறும் அந்தக் கணத்திலேயே கழிக்கப்படாத எதையும் கழிவு என்று விளம்பரப்படுத்தக்கூடாது என்பதே என் நிலைப்பாடு. பின்னர் வருவதை வேறு பெயரால் அழைக்கட்டும். பரிசு என்று அழைக்கட்டும். சீட்டிழுப்பு என்றும் அழைக்கலாம்.

சட்டம் திருந்தும் வரை செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. பொருளைப் பற்றியோ தவணையைப் பற்றியோ கழிவைப் பற்றியோ பேசத் தொடங்கும் முன், "கைக்காசுக்கு என்ன விலை? எழுதித் தாருங்கள்" என்று கேட்பது. காசு கையில் இல்லாதவரும் கேட்கலாம். கேட்பதற்குக் காசு வேண்டியதில்லை. அந்த எண்ணையும் மொத்தத் தவணைத் தொகையையும் அருகருகே எழுதினால் கழிவின் உண்மை உருவம் தெரிந்துவிடும். ஆனால் தனியொருவர் கேட்டால் விற்பனைப் பிரதிநிதி சிரித்து மழுப்பிவிடுவார் என்பதனால், கமக்காரர் அமைப்புகள் இதை ஏற்றுக்கொள்வது நல்லதென்று நான் சொல்லிவருகிறேன். விதைநெல்லுக்கும் நீர்ப்பங்கீட்டுக்கும் கூட்டம் கூடுகிறோம், விலைக்கும் கூடலாம். ஒரு காலத்தில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடைகளின் வாசலில் கரும்பலகையில் விலை எழுதியிருக்கும். அதைப் பார்த்துத்தான் தனியார் கடைக்காரரும் தம் விலையைச் சொன்னார்கள்.

எங்கள் பகுதி அமைப்பொன்றின் செயலாளர் அண்மையில் இதைச் செய்து பார்த்தார். ஒரே வகை மோட்டார் சைக்கிளின் கைக்காசு விலை, மொத்தத் தவணை விலை, கழிவு எப்போது கையில் கிடைக்கும் என்ற மூன்று கேள்விகளுடன் நகரில் மூன்று கடைகளுக்குச் சென்றார். இரண்டு கடைகள் எழுதிக் கொடுத்தன. அந்த இரண்டுக்கும் இடையிலேயே கைக்காசு விலையில் 11,000 ரூபா வேறுபாடு இருந்தது. அதிக விலை சொன்ன கடையில்தான் பெரிய கழிவு. மூன்றாவது கடையின் முகாமையாளர் மிக மரியாதையாகத் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, வாயால் சொல்லலாம், எழுத்தில் தருவதற்குத் தலைமை அலுவலகத்தின் அனுமதி இல்லை என்றாராம். அமைப்புக் கட்டடத்தின் பலகையில் இப்போது மூன்று கடைகளின் பெயர்களும் இருக்கின்றன. மூன்றாவதற்கு எதிரே வெற்றிடம். அடுத்த பட்டியலுக்கு நீரிறைக்கும் இயந்திரங்களை எடுத்துக்கொள்ளப் போவதாகச் செயலாளர் சொன்னார்.